நல்கை: எதேச்சாதிகாரம் பற்றிய ஆய்வுக்கு வரும் பணத்தை எப்படிச் சொல்வது?

சேலத்துக் கல்லூரிகளில் "கிராண்ட் வந்துருச்சா சார்?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது. அதையே விண்ணப்பத்தில் தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். ஒருவர் மானியம் என்கிறார், இன்னொருவர் நன்கொடை என்கிறார், மூன்றாமவர் நிதியுதவி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ஆராயப்படும் பொருளுக்கும் இதே கதிதான். சர்வாதிகாரம், எதேச்சாதிகாரம், கொடுங்கோன்மை மூன்றும் ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வந்துபோகும். எதேச்சாதிகாரப் போக்குகளைப் புரிந்துகொள்ளவும் தடுக்கவும் ஆய்வு செய்ய நிதி கேட்பவர், எதை ஆராய்கிறோம், எந்த வகைப் பணத்தில் ஆராய்கிறோம் என்ற இரண்டையும் முதல் பக்கத்திலேயே பிசகில்லாமல் சொல்லியாக வேண்டும்.

எதேச்சாதிகாரம்

வடமொழி யதேச்சை, அதிகாரம் இரண்டும் சேர்ந்த சொல். யதா என்றால் எப்படியோ அப்படி, இச்சை என்றால் விருப்பம். விருப்பம் எப்படியோ அப்படி ஆள்வது என்பது நேர்ப்பொருள். இச்சா, அதிகாரம் சேரும்போது நெடில் வரும் என்பதால் எதேச்சாதிகாரம் என்பதே சந்திப்படி சரி. நாளிதழ்களில் எதேச்சதிகாரம் என்ற குறில் வடிவமும் நிலைத்துவிட்டது. பழைய இதழ்களில் தேடுகிறவர்கள் இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் பல செய்திகள் கண்ணில் படாமலே போகும்.

பேச்சில் இந்தச் சொல்லின் முதல் பாதி வேறு பொருளுக்கு நகர்ந்துவிட்டது. "புது பஸ் ஸ்டாண்டுல எதேச்சையா அவரைப் பார்த்தேன்" என்றால் தற்செயலாகப் பார்த்தேன் என்று பொருள். தற்செயலைக் குறிக்கும் வடசொல் யத்ருச்சை. ஒலி நெருக்கத்தால் இரண்டும் தமிழில் கலந்துவிட்டன. அதனால் களப்பணிக்குப் போகும் கேள்வித்தாளில் எதேச்சாதிகாரம் என்ற சொல்லை வைக்காதீர்கள். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் ஒருவரிடம் "கேட்காம கொள்ளாம அவங்களா முடிவு பண்றாங்களா?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். கலைச்சொல் ஆய்வறிக்கையில் இருக்கட்டும்.

ஆங்கிலத்தின் ஆதரிட்டேரியனிசம் என்பதற்கே இந்தத் தமிழ்ச் சொல் நிற்கிறது. அதன் வேர் லத்தீன் அவ்க்தோரிதாஸ், ஒருவருடைய சொல்லுக்கு இருக்கும் கனம். அரசியல் அறிவியலில் இதற்குத் தெளிவான எல்லை போட்டவர் ஹுவான் லின்ஸ். படைத்தலைவர் பிராங்கோ ஆண்ட ஸ்பெயினை வைத்து 1964-இல் அவர் சொன்னது இது: எதேச்சாதிகார ஆட்சியில் ஓரளவு பன்மை இருக்கும், அது மக்களுக்குப் பொறுப்பானதாக இருக்காது, முழுமையான கொள்கை இருக்காது, ஒரு மனப்பாங்கு இருக்கும், மக்களைப் பெருமளவில் திரட்டுவதும் இருக்காது, ஒரு தலைவரோ சிறு குழுவோ, எழுத்தில் தெளிவாக இல்லாவிட்டாலும் ஊகிக்கக்கூடிய எல்லைக்குள் அதிகாரம் செலுத்தும். அதாவது பத்திரிகை நடக்கும், சங்கம் இருக்கும், தேர்தல்கூட வரும். எதுவும் அதிகாரத்தைத் தட்டிக் கேட்கும் அளவுக்கு வளராது.

சர்வாதிகாரம் இதுவல்ல. எல்லா அதிகாரமும் ஒரு கையில் குவிவது அது. அதிலும் மனிதரின் முழு வாழ்க்கையையும் ஆட்டுவிக்க முனையும் ஆட்சியைக் குறிக்க, 1923-இல் இத்தாலியில் முசோலினியை எதிர்த்த ஜொவான்னி அமெந்தோலா தொத்தாலித்தாரியோ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் இதற்கும் சர்வாதிகாரம் என்றே எழுதிவருகிறோம். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் முற்றதிகாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கொடுங்கோன்மைதான் நம் சொந்தச் சொல், திருக்குறளின் 56-ஆம் அதிகாரத்தின் தலைப்பு. கொடு என்றால் வளைவு. கொடுவாள் வளைந்த வாள், கொடுமரம் வில். நேராக இருக்க வேண்டிய கோல் வளைந்தால் கொடுங்கோல். எவ்வளவு அழகான அளவுகோல் பாருங்கள்: நேர் எது என்று தெரிந்தால்தான் வளைவை அளக்க முடியும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஆய்வுக்கு இந்தச் சொல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய வழக்கில் அது தீர்ப்பாகிவிட்டது, வளைந்து முடிந்த கோலைக் காட்டுகிறது. நமக்கு வேண்டியது வளைந்துகொண்டிருக்கும் கோல். அதற்காகத்தான் போக்கு என்ற சொல் சேர்கிறது. "அவன் போக்கே சரியில்லை" என்று வீட்டில் சொல்லும்போது, இன்னும் கெட்டுவிடவில்லை, திசை மாறுகிறது என்றுதானே பொருள்?

எதேச்சாதிகாரத்துக்குத் தூய தமிழில் தன்விருப்பாட்சி எனலாம். முதல் முறை வரும் இடத்தில் விளக்கமாக இது உதவும். தன்னாட்சி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒருவரே தன் விருப்பப்படி ஆள்வதைக் குறிக்கும் ஆங்கில ஆட்டோகிரசியை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்தால் அப்படி வரலாம், ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் நிறைந்த ஊரில் அது நேர் எதிர்ப் பொருள் தரும்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும், மக்களாட்சியின் நிலையை அளக்கும் வீ-டெம் நிறுவனம் நாடுகளை நான்காக வகுக்கிறது: மூடிய எதேச்சாதிகாரம், தேர்தல்வழி எதேச்சாதிகாரம், தேர்தல்வழி மக்களாட்சி, தாராளவாத மக்களாட்சி. 2021 அறிக்கை இந்தியாவை இரண்டாம் வகையில் வைத்தது, இந்திய அரசு அதை மறுத்தது. அப்போது தமிழில் சிலர் தேர்தல் சர்வாதிகாரம் என்று மொழிபெயர்த்தார்கள். நிறுவனம் சொல்லாத ஒன்றை அதன் வாயில் வைத்ததுபோல் ஆயிற்று. அறிக்கையை ஏற்பவருக்கும் மறுப்பவருக்கும் இதில் நட்டம்தான்.

நல்கை

நல்கு என்பது சங்கப் பாடல்களிலிருந்தே வரும் வினை: விரும்பிக் கொடு, அருள் செய். அதன் பெயர்ச்சொல் நல்கை, கிராண்டுக்கு நான் சொல்லும் சொல். ஒலியில் ஒட்டினாற்போல் இருக்கும் நல்குரவு வறுமையைக் குறிக்கும், குறளில் 105-ஆம் அதிகாரம். ஆங்கில கிராண்ட் பழைய பிரெஞ்சு வழியாக நம்புதல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. நம்பி ஒப்படைப்பது என்ற அந்த உட்பொருள் இன்றும் கணக்குகளில் உயிரோடு இருக்கிறது. நல்கையாகப் பெற்ற பணத்தைச் சொன்ன காரியத்துக்குச் சொன்ன காலத்தில் செலவழித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திருப்ப வேண்டும்.

மானியத்துக்கு வேறு வரலாறு. மான்யம் என்றால் மதிப்புக்குரியது. கோயிலுக்கோ ஊழியத்துக்கோ வரி நீக்கி விட்ட நிலம் மானியம். சேலம் பக்கத்து ஊர்களில் கோயில் மானியம் என்ற பேச்சு இன்னும் உண்டு. இன்று உர மானியம், சிலிண்டர் மானியம் என்று விலைக்குறைப்பைக் குறிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு என்ற பெயரால் கல்வி உலகிலும் நுழைந்துவிட்டது. அந்தப் பெயரை மாற்ற முடியாது, ஆனால் நாம் புதிதாக எழுதும் இடத்தில் நல்கை என்றால் குழப்பமில்லை. நன்கொடை கணக்குக் கேட்காத கொடை. உதவித்தொகை தனி ஆளுக்கு, பெரும்பாலும் மாணவருக்கு. முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவது நிலைநிதி. சோழர் கல்வெட்டுகளில் பொலிசை என்று வருவது இந்த வட்டிதான்.

யார் நல்கினார்கள்?

மற்ற ஆய்வுகளுக்கு இல்லாத ஒரு முடிச்சு இதில் உண்டு. ஆராயப்படுவது அரசதிகாரம், ஆய்வுக்குப் பணம் தருவதில் பெரிய கையும் அரசுதான். வெளியிலிருந்து பணம் வந்தால் அதைத் தடுக்கும் சட்டமும் அரசின் கையில்.

எதேச்சாதிகார மனப்பாங்கை அளக்க ஜெர்மன் மெய்யியலாளர் அடோர்னோவும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கி 1950-இல் வெளியிட்ட எஃப் அளவுகோலுக்கு அமெரிக்க யூதக் குழு என்ற தனியார் அமைப்பு பணம் தந்தது. 1933-இல் ஹிட்லரிடமிருந்து தப்பிய அறிஞர்களுக்காக நியூயார்க்கில் தொடங்கிய நாடுகடந்தோர் பல்கலைக்கழகமும் தனியார் கொடையில் எழுந்ததுதான். ஹங்கேரியில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தைக் குறிவைத்து 2017-இல் சட்டம் வந்ததும் அது வியன்னாவுக்குப் பெயர்ந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் சட்டம் தவறு என்று 2020-இல் சொன்னபோது பல்கலைக்கழகம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அரசுப் பணமே இந்த வேலையைச் செய்த நேரமும் உண்டு. நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையமும், விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் கைதானவர்கள் சென்னை மத்திய சிறையில் நடத்தப்பட்ட விதத்தை விசாரித்த நீதிபதி இஸ்மாயில் ஆணையமும் 1977-இல் அரசு அமைத்தவை. ஆட்சி மாறியதால் அமைந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே நெருக்கடிநிலையில், 1976-இல்தான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்தது. 2010-இல் புதிய சட்டமும் 2020-இல் கடுமையான திருத்தமும் வந்தன.

சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது பங்களிப்பு. நாளிதழ்கள் நன்கொடை என்று பெயர்த்ததால் நல்கை அதில் சேராது என்று சிலர் நினைக்கிறார்கள். சேரும். அந்தப் பணத்துக்கு வங்கி தரும் வட்டிகூட வெளிநாட்டுப் பங்களிப்புதான். இந்தச் சட்டத்தில் பதிவு பெற அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்றாண்டில் முதன்மைப் பணிக்காக ரூ.15 லட்சம் செலவும் காட்ட வேண்டும். இல்லாதவர்கள் குறிப்பிட்ட கொடையாளர், தொகை, நோக்கம் சொல்லி முன் அனுமதி கேட்கலாம். பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் களத்தரவு திரட்டுவோர், பகுப்பாய்வோர் சம்பளம் இந்த 20-இல் சேராது. இது தெரியாமல் களப்பணியாளர் கூலியை வெட்டுகிறவர்கள் உண்டு, ஆய்வே அங்கேதான் கெடுகிறது. வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றவும் கூடாது. சேலத்தில் நல்கை பெற்று ஏற்காட்டில் உள்ள சிறு அமைப்போடு பகிர்வதாகத் திட்டம் போட்டால் அங்கேயே நின்றுவிடும்.

நோக்கம் எழுதும் வரியிலும் கவனம் வேண்டும். அரசியல் அமைப்பு என்று கருதப்பட்டால் வெளிநாட்டுப் பணம் பெற முடியாது. தீவிர அரசியலில் உள்ள அமைப்புகளுக்கே அந்தத் தடை, மக்கள் உரிமைக்குக் குரல் கொடுப்பதாலேயே ஓர் அமைப்பு அதில் சிக்காது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் விளக்கியது. அதனால் எதிர்ப்பு என்ற சொல்லை ஒளிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பை ஆராய்கிறோமா, நடத்துகிறோமா என்பதைத் தெளிவாக எழுதினால் போதும்.

உள்நாட்டில் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம், 1969 முதல், திட்டங்களுக்கு நல்கை தருகிறது. மைய அரசுப் பணமென்றால் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும், வட்டியை அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்ப வேண்டும். நல்கைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் இந்த வட்டியைப் பிரித்துக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சேலத்தில் எதை ஆராய்வது?

16 நாள் வயதான அரசியலமைப்பின் கீழ், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிகாரம் எப்படி வளைகிறது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று இந்த ஊருக்கு இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டிய வேலை என்பதால் பயணத்துக்கும் தங்கலுக்கும் தாராளமாக ஒதுக்குங்கள்.

சமகாலப் பொருளும் வாசலிலேயே கிடக்கிறது. சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சிலர் கிடையாது. மாவட்டத்தின் ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தல் வரை தனி அலுவலர் ஆட்சி, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு அமர்த்திய அதிகாரியின் ஆட்சி, 2025 ஜனவரியில் மறுபடியும். வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. இதை எதேச்சாதிகாரம் என்று தலைப்பிலேயே முத்திரை குத்தினால் ஆய்வு முடிந்துவிடும். தனி அலுவலர் காலத்தில் கிராம சபைத் தீர்மானங்கள் எப்படி மாறின என்று கேட்டால்தான் தொடங்கும்.

தீர்மானப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் ரூ.10, நகல் பக்கத்துக்கு ரூ.2, பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒப்பிடும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். கிராம சபை ஆண்டுக்கு நான்காக இருந்து 2022-இல் ஆறானது, ஆகவே கூட்ட எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடக்கூடாது. கொரோனாவில் கூட்டங்கள் நின்ற காலத்தைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். நேரில் பார்ப்பதானால், மாநிலம் முழுக்க ஒரே நாளில் கிராம சபை நடக்கும். மூன்று ஊராட்சிகளைப் பார்க்க மூன்று குழு வேண்டும். ஒரே களப்பணியாளருக்குச் சம்பளம் போட்ட திட்டம், மலைப்பாதையில் பைக்கோடு நின்றுவிடும்.

ஒப்புதல் படிவத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. சிறு ஊரில் "ஊராட்சிச் செயலர், ஆண், 40 வயது" என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். பதவியைப் பொதுவாக்குங்கள், குறியீட்டுப் பட்டியலைப் பதிவுகளோடு வைக்காதீர்கள். சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களை வெளிநாட்டுக் கொடையாளர்கள் கேரளத்தவர் என்று படித்துவிடுவார்கள், ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.

தலைப்பு இப்படி இருக்கலாம்: "தனி அலுவலர் காலத்தில் கிராம சபை: ஏற்காடு ஒன்றியத்தின் மூன்று ஊராட்சிகளில் எதேச்சாதிகாரப் போக்கும் அதற்கு ஈடுகொடுத்த வழிகளும் – 18 மாத ஆய்வு நல்கைக்கான விண்ணப்பம்."