மதிப்பீட்டுப் படிவமும் சம்பளச் சீட்டும்: கல்லூரி அலுவலகத்துக்கான விதிகள்

முதலில் உங்கள் கல்லூரி எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்று பாருங்கள். சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஐந்தும் ஆணைபெற்ற கழகங்கள், அதாவது தனிச் சட்டத்தால் அமைந்த அரசு அமைப்புகள். வேலை நியமனச் சட்டம் அங்குள்ள ஊழியர்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தமும் பணி விதிகளும்தான் பேசும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2006இல் நிறுவனங்களாக மாறின. அங்கும் தனியார் கல்லூரிகளிலும் சட்டம் செல்லும். 2019 ஏப்ரல் 1 முதல் எல்லா மேலாளர்களும் நிர்வாகிகளும் இதில் அடக்கம்.

சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் மிகைநேர ஊதியம். சம்பளச் சீட்டைச் சம்பளத்தோடு தரவேண்டும். முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள்.

அதிகம் தவறுவது மிகைநேரக் கணக்கில்தான். அலுவலக ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் மிகைநேர ஊதியம் உண்டு. 2,288 வெள்ளி வாங்கும் உதவியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 12 மாதச் சம்பளத்தை 52 வாரம் x 44 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12 வெள்ளி. ஒன்றரை மடங்கு 18. தேர்வுக் காலத்தில் 5 மணி நேரம் கூடுதலாக இருந்தால் 90 வெள்ளி. சிலர் 30 நாளாலும் 8 மணியாலும் வகுத்து 9.53 என்று போட்டுவிடுகிறார்கள். மாதாமாதம் குறைவது சில வெள்ளிதான், ஆனால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். இந்த ஊதியத்துக்கும் மசேநி (மத்திய சேம நிதி) கட்டவேண்டும்.

இனி மதிப்பீடு. முகத்துக்கு அஞ்சி மூன்று ஆண்டு ‘நன்று’ என்று எழுதிவிட்டு, நான்காம் ஆண்டில் ‘செயல்திறன் போதாது’ என்று வேலையைவிட்டு நீக்கினால் அந்தப் படிவங்களே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. காரணம் சொல்லாமல் முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்துவது பொதுவாகத் தவறான பணிநீக்கம் ஆகாது. காரணம் சொல்லி அது பொய்யென்று தெரிந்தால் ஆகும். ஊழியர் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிடலாம்.

ஆகவே ‘ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதிப் பயனில்லை. ‘மதிப்பெண் பட்டியல் இரண்டு பருவங்களில் கெடுவுக்குப் பின் வந்தது, மே 12 அன்று பேசினோம், சரிசெய்ய ஆறு வாரம்’ என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இதே படிவம் ஓய்வு வயதிலும் திரும்பி வரும். 2026 ஜூன் 30 வரை ஓய்வு வயது 63, மறுவேலை நியமன வயது 68. 2026 ஜூலை 1 முதல் அவை 64, 69. தகுதியுள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ திருப்திகரமாக வேலை செய்து உடல்நலத்தோடும் இருந்தால் மறுவேலை வழங்கியாக வேண்டும். ஆறு மாதம் முன்பே பேச்சை எடுங்கள்.

பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயமல்ல. ஒப்பந்தத்தில் இருந்தால் கட்டாயம். மதிப்பீட்டில் தரம் குறைந்தது என்று அதை வெட்ட, ஒப்பந்தமே அதற்கு இடம் தரவேண்டும். நடுவில் விலகுபவருக்கு விகிதப்படி உண்டா என்பதையும் அங்கேயே எழுதிவையுங்கள். செயல்திறன் போனஸ் வேறு, அதைத் தரத்தோடு இணைக்கலாம்.