வானளாவியைக் கோபுரமாக்காதீர்கள்

‘உலகின் மிக உயரமான கோபுரம் புர்ஜ் கலீஃபா.’ தொலைக்காட்சியில் ஓடும் செய்தி வரியிலும், போட்டித் தேர்வுக் கையேட்டிலும், சிறுவர் பக்கத்துப் பொது அறிவுத் துணுக்கிலும் இந்த வாக்கியம் ஓயாமல் வருகிறது. 828 மீட்டர், 163 தளம், திறப்பு 2010 என்று எண்களைச் சரியாகப் போடுபவர்கள் பெயரில் கோட்டை விடுகிறார்கள். அது கோபுரம் இல்லை, வானளாவி, அதாவது ஸ்கைஸ்கிரேப்பர்.

ஆங்கிலத்தில் ஸ்கைஸ்கிரேப்பர் என்பது முதலில் கட்டடத்தின் பெயராகவே இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாய்மரக் கப்பலின் உச்சியில் கட்டிய சிறு முக்கோணப் பாயை அப்படி அழைத்தார்கள். 1789இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரைக்கும் அதே பெயர். 1880களில் அமெரிக்க நகரங்களில் பத்துத் தளம், பன்னிரண்டு தளம் என்று எழும்பத் தொடங்கிய பிறகுதான் கட்டடத்தின்மேல் அது ஒட்டிக்கொண்டது. ஆகவே, ‘சுரண்டுதல்’ என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு ‘வான்சுரண்டி’, ‘விண்ணுரசி’ என்று ஆக்குவதில் பயனில்லை.

நம் சொல் எளியது. அளாவுதல் என்றால் எட்டுதல், தொட்டுக் கலத்தல். அளாவு என்ற வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்து பெயராகிறது. ஒலிபெருக்கி, இடிதாங்கி, வழிகாட்டி எல்லாம் இதே வார்ப்பு. ‘வானளாவி நின்றது’ என்றால் வினையெச்சமாகிக் குழப்பாதா என்று சிலர் கேட்கிறார்கள். ‘ஒலிபெருக்கி’ இத்தனை ஆண்டுகளாக யாரையும் குழப்பவில்லை. வானளாவியில், வானளாவிக்கு, வானளாவிகள் என்று வேற்றுமையும் பன்மையும் தடையின்றி ஏற்கிறது.

கோபுரம் என்பவர்களின் வாதம் இதுதான்: ‘உயர்ந்து நிற்கிறது, தமிழனுக்குத் தெரிந்த உயரம் கோபுரம், பிறகென்ன?’ உயரம் மட்டுமே பொருள் என்றால் தென்னையும் கோபுரம்தான். கோபுரம் கோயிலின் வாயில். மயிலாப்பூரில் நிமிர்ந்து பாருங்கள்: அடியில் கருங்கல், மேலே செங்கல்லும் சாந்தும், நிலைக்கு நிலை குறுகி உச்சியில் கலசம். தன் எடையையும் அகலமான அடியையும் நம்பி நிற்கும் கட்டுமானம் அது. திருவரங்கத்தில் 1987இல் முடிந்த இராஜகோபுரம் 236 அடி, 13 நிலை. அந்த நிலைகளில் யாரும் குடியிருப்பதில்லை, அலுவலகம் நடத்துவதுமில்லை.

வானளாவி பிறந்ததே எடையைச் சுவரிலிருந்து விடுவித்ததால்தான். சிகாகோவில் 1891இல் முடிந்த மொனாட்னாக் கட்டடத்தின் வடபாதி 16 தளம். செங்கல் சுவரே சுமை தாங்கியதால் அடியில் சுவர் 6 அடி தடிமன் வைக்க வேண்டியிருந்தது. இன்னும் உயர்த்தினால் கீழ்த்தளத்தில் புழங்க இடம் மிஞ்சாது. அதற்கு முன்பே, 1885இல், அதே ஊரில் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் இரும்பும் எஃகும் கலந்த சட்டகத்தில் பத்துத் தளம் எழுந்திருந்தது. சட்டகம் சுமையைத் தாங்க, மின்தூக்கி ஆளை ஏற்ற, மேல்தளமும் வாடகைக்குப் போனது. மனிதர் புழங்கும் தளங்கள் அடுக்கடுக்காக மேலே போவதுதான் வானளாவி.

இந்த வேறுபாடு என் பிடிவாதம் மட்டுமில்லை. உயரப் பட்டியலே இதன்மேல் நிற்கிறது. சிகாகோவிலிருந்து இயங்கும் உயர்கட்டட மன்றத்தின் கணக்குப்படி, உயரத்தில் குறைந்தது பாதியாவது புழங்கும் தளங்களாக இருந்தால்தான் அது கட்டடம். இல்லையென்றால் கோபுரம். டோக்கியோ ஸ்கைட்ரீ 634 மீட்டர். ஷாங்காய் டவர் 632 மீட்டர். ஆனாலும் கட்டடப் பட்டியலில் ஷாங்காய் டவர் உண்டு, ஸ்கைட்ரீ கிடையாது. ஸ்கைட்ரீ ஒலிபரப்புக் கோபுரம், 350, 450 மீட்டர்களில் பார்வைத் தளங்கள் மட்டும்தான். இரண்டையும் கோபுரம் என்று எழுதிவிட்டால், 634 ஏன் 632-க்குப் பின்னால்கூட வரவில்லை என்று கேட்கும் மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் என்ன பதில் சொல்வார்?

பெயரிலேயே டவர் இருக்கிறதே, அரபியில் புர்ஜ் என்றாலும் அதே பொருள்தானே என்பார்கள். பெயரைப் பெயராக விடுங்கள்: ஷாங்காய் டவர் என்ற வானளாவி. ‘இரட்டைக் கோபுரம்’ ஊன்றிவிட்டது, அதை இனிப் பிடுங்க முடியாது. அந்த ஒன்றைக் காட்டி மற்றதையெல்லாம் கோபுரமாக்க வேண்டாம்.

உச்சியில் வேறொரு சிக்கல். கட்டட வடிவத்தோடு சேர்ந்த கூர்முடி உயரக் கணக்கில் வரும், பிறகு நட்ட ஆன்டெனா வராது. கோலாலம்பூர் பெட்ரோனாஸ் 452 மீட்டர் என்று சிகாகோவின் 442 மீட்டர் சியர்ஸ் டவரை முந்தியது கூர்முடியால்தான். புர்ஜ் கலீஃபாவில் ஆள் புழங்கும் கடைசித் தளம் சுமார் 585 மீட்டரில் முடிகிறது. மீதி ஏறக்குறைய 240 மீட்டர் வெறும் முடி. கூர்முடியையும் ஆன்டெனாவையும் ‘கம்பம்’ என்றே மொழிபெயர்த்தால் இந்தச் சச்சரவே வாசகருக்குப் புரியாது.

சென்னையில் இன்னொரு கேடு நடக்கிறது. 1959இல் அண்ணா சாலையில் திறந்த எல்.ஐ.சி. 177 அடி. நகரமே அண்ணாந்து பார்த்தது, ஆனாலும் எல்.ஐ.சி. பில்டிங் என்றுதான் சொன்னது, கோபுரம் என்று சொல்லவில்லை. இப்போது ஓ.எம்.ஆரில் பத்து மாடி எழுப்பினாலே விளம்பரத்தில் ‘வானளாவிய குடியிருப்பு’. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்கட்டடம், அவ்வளவுதான். வானளாவி என்ற பெயருக்கு 150 மீட்டராவது வேண்டும். ‘வானளாவிய’ என்ற அடைமொழியை ஏற்கெனவே தேய்த்துவிட்டோம்: தமிழகச் சட்டப்பேரவையில் சபாநாயகராக இருந்த பி.எச். பாண்டியன் தமக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்ற நாளிலிருந்து அதிகாரம் வானளாவியது, பிறகு விலை, பிறகு புகழ். அதனால்தான் ‘வானளாவிய கட்டடம்’ என்று நீட்டாமல், ‘வானளாவி’ என்று பெயராகவே எழுதச் சொல்கிறேன்.

300 மீட்டருக்கு மேல் ‘உயர் வானளாவி’, 600-க்கு மேல் ‘பெருவானளாவி’ என்று பிரித்தால் போதும். பின்னதில் கட்டி முடிந்தவை நான்குதான்: புர்ஜ் கலீஃபா, கோலாலம்பூரின் மெர்டேக்கா 118, ஷாங்காய் டவர், மக்கா மணிக்கூண்டுக் கட்டடம். எண்ணும்போது ‘163 மாடி’ என்று எழுதாமல் ‘163 தளம்’ என்று எழுதுங்கள். நமக்கு முதல் மாடி தரைத்தளத்துக்கு மேலே தொடங்குகிறது, அமெரிக்கக் கணக்கில் தரைத்தளமே ஒன்று.