இறந்தவர் முகம் நம்மை ஏன் கலங்கடிக்கிறது?

துக்க வீட்டில் கிடத்தப்பட்டிருக்கும் உடலை நெருங்கும்போது பலருக்கு வயிற்றைப் பிசைகிறது. மூச்சு நின்று வெகுநேரமான நெஞ்சு ஏறி இறங்குவதுபோல்கூடச் சிலருக்குத் தோன்றுகிறது. இதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்வது தவறு. மூளை தன் அன்றாட வேலையைச் செய்வதால்தான் இந்த உணர்வு எழுகிறது.

கண் தரும் செய்தியை மட்டும் நம்பி மூளை இயங்குவதில்லை, அடுத்து நிகழப்போவதைக் கணித்து அதனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது என்று நரம்பியலாளர் பலர் கருதுகின்றனர். பார்ப்பது ஒரு முகம் என்பதை ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் கண்டுகொள்ளும் மூளை, இமைப்பையும் உதட்டசைவையும் மூச்சையும் சேர்த்தே எதிர்பார்க்கிறது. பல ஆண்டுகள் பழகிய முகம் அசையாமல் கிடக்கும்போது கணிப்பும் காட்சியும் முரண்படுகின்றன. சிலருக்கு அந்த முரண் கலக்கமாகிறது. சிலருக்குக் கணிப்பே மேலோங்கி, இல்லாத மூச்சைக் காட்டிவிடுகிறது. ஜப்பானிய ரோபோப் பொறியாளர் மசாஹிரோ மோரி, மனிதரைப் போலிருந்தும் மனிதராக இல்லாதவை தரும் அச்சத்தை 1970-இல் ஒரு வரைபடமாக வரைந்தபோது, நம் ஈர்ப்பு சட்டெனச் சரியும் அதன் பள்ளத்தில் பிணத்தையும் குறித்தார்.

உடலின் மாற்றங்கள் இந்த முரணை மேலும் கூட்டுகின்றன. இரத்தம் ஓட்டம் நின்று கீழ்ப்பக்கமாக இறங்குவதால் முகம் வெளிறுகிறது. தசைகள் தளர்வதால் தாடை தொங்கி, இமைகள் பாதி திறந்து நிற்கின்றன. பின்னர் விறைப்பு தொடங்குகிறது. ஒன்றையொன்று பற்றிய தசை இழைகள் பிடியை விடுவதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். இறந்தபின் அது தீர்ந்துவிடுவதால் பிடி இறுகியே நிற்கிறது. பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்துக்குள் இமையிலும் தாடையிலும் தென்படும் விறைப்பு, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவுகிறது. வெயில் காலத்தில் இன்னும் விரைவாக. அதற்கு முன்பே கண்களை மூடி, தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிடும் நம் பெரியவர்களின் வழக்கத்தால் வாய் மூடிய நிலையிலேயே தசை இறுகுகிறது. முகம் பழகிய தோற்றத்தை ஓரளவு தக்கவைத்துக்கொள்வதால், பார்ப்பவரின் கலக்கமும் தணிகிறது என்றே நான் கருதுகிறேன்.

உடலை அடக்கம் செய்தபிறகும் மூளையின் எதிர்பார்ப்பு ஓய்வதில்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்ததாகக் கூறினர். சுமார் 14 விழுக்காட்டினர் அவரைக் கண்டதாகவே சொன்னார்கள். பெரும்பாலோர் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டனர். ஆனாலும் அதற்கு முன் யாரிடமும் வாய்திறக்கவில்லை. இவ்வகை அனுபவம் தன்னளவில் மனநோய் ஆகாது. கேட்கும் குரல் தீங்கு செய்யத் தூண்டினாலோ, அச்சத்தால் உறக்கமும் உணவும் கெட்டாலோதான் மனநல மருத்துவரை நாட வேண்டும்.