முதல் இரண்டு வாரம் அந்த மாத்திரை என்னதான் செய்கிறது?

திருச்சியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 27 வயது, பெங்களூரில் வேலை. சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, போன் பண்ணினால் ‘ம்’ என்பதோடு சரி. அவராகவே ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார் மருத்துவர். மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, ‘எடுத்துக்கவா வேணாமாம்மா?’ என்று கேட்கிறாராம் மகன். அம்மாவின் கேள்விகள் இவை: ‘பழகிவிடுமா? ஆளையே மாற்றிவிடுமா? எடுத்தால் எத்தனை நாளில் தெரியும்? நான் என்ன சொல்லட்டும்?’

நான் மருத்துவன் இல்லை. எடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்வது முறையில்லை. சொல்லப்போனால், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து முடிவெடுக்கிற விஷயமும் இல்லை இது. புரிந்துகொள்ளும் திறன் உள்ள ஒரு வயதுவந்தவரின் சிகிச்சையை அவரேதான் தீர்மானிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆனால் ‘எத்தனை நாளில் தெரியும்’ என்ற கேள்விக்குப் பின்னால் மூளை அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. அது தெரிந்தால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

பள்ளிப் பாடம்தான் முதலில். ஒரு நரம்புச் செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியில் செய்தி ரசாயனமாகக் கடக்கிறது. அந்த ரசாயனங்களில் ஒன்று செரட்டோனின். வெளியே வந்த செரட்டோனின் தன் வேலை முடிந்ததும் வந்த செல்லுக்குள்ளேயே திரும்ப இழுக்கப்படும். இழுக்கும் வேலையைச் செய்வது செல் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் எல்லாமே போய் உட்காருவது இந்தக் கடத்தியின் மேல்தான். கடத்தி அடைபட்டால் செரட்டோனின் வெளியே அதிக நேரம் தங்கும். 1987இன் கடைசியில் அமெரிக்காவில் ஃப்ளுவாக்ஸெடினுக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து உலகமெங்கும் அதிகம் எழுதப்படும் மருந்து வகைகளில் ஒன்று இது.

இதுவரை சரி. சிக்கல் இனிமேல்தான். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்துக்குள் கடத்திகள் அடைபடத் தொடங்கிவிடுகின்றன. வழக்கமான டோஸில் சுமார் 80 சதவீதம் கடத்திகள் அடைபடுவதை பெட் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் மறுநாள் காலையிலேயே மனசு லேசாகியிருக்க வேண்டுமே? ஆகாது. இரண்டு வாரம், நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். அத்தனை நாள் அந்த மருந்து அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது?

மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ராஃபே என்று ஒரு பகுதி. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் செரட்டோனினைச் சுரப்பவை சில லட்சம் மட்டுமே. பெரும்பாலும் இந்த ராஃபேயில்தான் குவிந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் கிளைகளை மூளையின் மூலைமுடுக்கெல்லாம் நீட்டி வைத்திருக்கிறது. எவ்வளவு செரட்டோனின் போய்ச் சேரும் என்பது அந்தச் செல்கள் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதைப் பொறுத்தது.

துடிப்பை யார் கட்டுப்படுத்துவது? அந்தச் செல்களேதான். ஒவ்வொன்றும் தன் உடலின் மேலேயே செரட்டோனினை உணரும் ஏற்பிகளை வைத்திருக்கிறது. 5-ஹெச்டி1ஏ என்று பெயர். தான் வெளியிட்டதைத் தானே அளந்து பார்க்கிற ஏற்பி! சுற்றிலும் செரட்டோனின் கூடினால் துடிப்பைக் குறைக்கும், குறைந்தால் விட்டுவிடும்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை போட்டு மோட்டாரோடு இணைத்திருப்பார்களே, அதே ஏற்பாடு. தண்ணீர் ஏறினால் மிதவை தூக்கும், மோட்டார் நின்றுவிடும். இப்போது தொட்டியின் வெளியேறும் குழாயை யாரோ பாதி அடைக்கிறார்கள் என்று வையுங்கள். தொட்டி சீக்கிரம் நிரம்பும், மிதவை தூக்கும், மோட்டார் நிற்கும். மாத்திரையின் முதல் நாட்களில் நடப்பது இதுதான். கடத்திகள் மூளையின் தூரப் பகுதிகளில் மட்டும் இல்லை, ராஃபே செல்களின் உடலைச் சுற்றியும் இருக்கின்றன. அங்கே கடத்தி அடைபட்டதும் செரட்டோனின் குவிகிறது. மிதவை தூக்குகிறது. செல்கள் துடிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. துடிப்பு குறைந்ததால் தூரத்துக் கிளைமுனைகளில் வெளியாவதும் குறைகிறது. அங்கேயும் கடத்தி அடைபட்டதால் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி இப்படி அடிபட்டுப்போகிறது. மருந்து ஒரு பக்கம் இழுக்கிறது, மூளை மறு பக்கம் இழுக்கிறது.

ஆனால் இந்த ஏற்பிக்கு ஒரு குணம். நாள் முழுக்க, வாரக்கணக்கில் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் காது கொடுப்பதை நிறுத்திவிடும். சில ஏற்பிகள் செல்லுக்குள்ளே இழுக்கப்பட்டுவிடுகின்றன, மிச்சமிருப்பவை மந்தமாகின்றன. மிதவை கெட்டுப்போன மோட்டார் மாதிரி, சுற்றிலும் செரட்டோனின் நிறைந்திருந்தாலும் செல்கள் பழைய வேகத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. கடத்தியோ இன்னமும் அடைபட்டே இருக்கிறது. இப்போதுதான் கிளைமுனைகளில் செரட்டோனின் உண்மையாகவே கூடுகிறது.

இதை 1980களில் கனடாவின் மான்ட்ரியாலில் கிளோட் டி மோன்டிஞியும் பியர் பிளியேயும் எலிகளில் பதிவு செய்தார்கள். மருந்து கொடுத்த முதல் நாட்களில் ராஃபே செல்களின் துடிப்பு விழுந்தது. சுமார் இரண்டு வாரத்தில் மீண்டது. எலியின் மூளையில் எடுத்த அந்தக் கணக்கும், மருத்துவர்கள் நோயாளிகளிடம் பார்த்த தாமதமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. படிக்கும்போதெல்லாம் எனக்கு சந்தோஷம் தருகிற பொருத்தம் அது. அப்புறம் பார்சிலோனாவின் ஃபிரான்செஸ்க் ஆர்ட்டிகாஸுக்கு 1990களில் ஒரு யோசனை: மிதவையை நாமே பிடித்து அழுத்திக்கொண்டால் என்ன? அந்த ஏற்பியை மறிக்கும் பிண்டோலால் என்ற ரத்த அழுத்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சில ஆய்வுகளில் குணம் சீக்கிரம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதனால் அது வழக்கத்துக்கு வரவில்லை. யோசனை அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மிதவை மட்டுமே முழுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். நரம்புச் செல்கள் புது இணைப்புகள் விடுவதற்கு உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்துக்கு ஓர் ஏற்பி உண்டு. இந்த மருந்துகள் நேரடியாக அதன்மேலும் ஒட்டுகின்றன என்று ஹெல்சின்கியில் ஈரோ காஸ்ட்ரேனின் குழு 2021இல் காட்டியது. இணைப்பு வளர்வதும் ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை.

சரி, இந்தத் தாமதம் ஒரு அம்மாவுக்கு எதற்கு? நல்லது வரத்தான் தாமதம், கெட்டதற்குத் தாமதமே இல்லை என்பதால். உடம்பிலிருக்கும் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அங்கே இந்த இழுபறி எதுவும் காத்திருப்பதில்லை. முதல் வாரத்திலேயே குமட்டல் வரலாம், வயிறு கலங்கலாம், தலை வலிக்கலாம், தூக்கம் குழம்பலாம். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து போன் வரும்: ‘சொன்னேனே, இதெல்லாம் வேணாம்னு. நிறுத்திடு.’ செலவு முழுவதையும் செய்துவிட்டு, வரவு வருகிற வாரத்தில் கடையைச் சாத்துவது அது. எடுப்பது என்று மகன் முடிவு செய்தால், தினமும் ‘இப்ப எப்படி இருக்கு’ என்று கேட்காமல் இருப்பதே பெரிய உதவி. முதல் மாதத்தில் பெங்களூர் போய் ஒரு வாரம் கூட இருந்து சமைத்துப் போடலாம். அவர் வேண்டாம் என்றால் போகாமலும் இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை கூடாது. 25 வயதுக்குக் குறைந்தவர்களில் இந்த மருந்துகள் தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை போட வைத்திருக்கிறது. 2004இல் சிறுவர்களுக்கு, 2007இல் 24 வயது வரை. இவர் அந்த வயதைத் தாண்டியவர்தான். ஆனாலும் முதல் சில வாரங்களில் தாங்க முடியாத படபடப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, செத்துப்போகலாம் என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பிடிக்க வேண்டும். ராத்திரியில் யாரும் கிடைக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசுவார்கள்.

பெற்றோர் தங்கள் கருத்தைவிட முக்கியமாகத் தர வேண்டியது தகவல். குடும்பத்தில் யாருக்காவது சில வாரங்கள் தூக்கமே இல்லாமல், ஓயாத பேச்சும் கைமீறிய செலவும் பெரிய பெரிய திட்டங்களுமாக இருந்து, பிறகு ஒரேயடியாக முடங்கிப்போன வரலாறு உண்டா? அது இருமுனைக் கோளாறாக இருந்திருக்கலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. ‘பெரியப்பாவுக்கு அப்போ கொஞ்சம் கோளாறு’ என்று நம் வீடுகளில் முக்கால்வாசிப் பேர் மூடி வைக்கிற செய்தி, இருபது வருஷம் கழித்து தம்பி மகனின் மருந்துச்சீட்டை மாற்றக்கூடியது. மருத்துவரிடம் மகன் சொல்வதற்கு முதலில் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி மெடிக்கலில் வாங்கிப் போடும் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கூடும்.

இன்னொன்று, மகன் அம்மாவிடம் சொல்லவே மாட்டார். பாலுறவு விருப்பத்திலும் செயல்பாட்டிலும் குறைவு ஏற்படுவது இந்த வகையில் மிகச் சாதாரணம். சொல்லாமல் கொள்ளாமல் பலர் மாத்திரையை நிறுத்துவதற்கு அது ஒரு காரணம். ‘அழுகையும் வரலை, சிரிப்பும் வரலை’ என்று மழுங்கிப்போவதாகச் சொல்பவர்களும் உண்டு. ஆளை மாற்றிவிடுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதில் இருக்கிறது. குணத்தை மாற்றுவதில்லை, சிலருக்கு உணர்ச்சியின் ஓசையைக் குறைத்துவிடலாம். டோஸ் குறைத்தாலோ மருந்து மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும். மருத்துவரிடம் வாய் திறந்தால்தான்.

அப்படியானால் மூளையில் செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு வந்ததா? அப்படிச் சொல்வதை விட்டுவிடலாம். இந்தக் கணக்கு மருந்திலிருந்து பின்னோக்கிப் போட்டது. 1952இல் நியூயார்க் அருகே ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்கு இப்ரோனியஸிட் கொடுத்தபோது நோயாளிகள் உற்சாகமானார்கள். அந்த மருந்து மூளை ரசாயனங்கள் சிதைவதைத் தடுப்பது தெரியவந்தது. எனவே நோய் என்றால் அந்த ரசாயனம் குறைவு என்று முடிவு கட்டினார்கள். 2022இல் ஜோவன்னா மான்கிரீஃபும் சகாக்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி, குறைபாட்டுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். உடனே ‘மாத்திரையே மோசடி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. தலைவலி வந்தது பாராசிட்டமால் குறைபாட்டாலா? மருந்து வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அலசலில் இருக்கிறது. 522 சோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். எல்லாமே, மருந்து எதுவும் இல்லாமல் ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் போலி மாத்திரையை வென்றன. ஆனால் சராசரி வித்தியாசம் பெரிதில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களிலும் கணிசமானோர் தேறினார்கள். நோய் கடுமையாக இருந்தால் மாத்திரையை யோசிக்க நியாயம் அதிகம். லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையில் தொடங்குவதும் முழுச் சிகிச்சைதான்.

பரிகாரக்காரர்களுக்கும் இந்தச் சில வாரத் தாமதம் நல்ல வருமானம் தருகிறது. முதல் வாரம் குமட்டல், இரண்டாம் வாரம் ஒன்றும் தெரியவில்லை, பதறிப்போன குடும்பம் மூன்றாம் வாரம் எங்கோ போய் எலுமிச்சம்பழம் சுற்றுகிறது, நான்காம் வாரம் பையன் சிரிக்கிறான். பேர் எலுமிச்சம்பழத்துக்கு! கோயிலுக்குப் போவதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதைப் பார்த்த மாநிலம் இது. சிகிச்சைக்குப் பதிலாக என்று யார் எதை விற்றாலும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ‘கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்பதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அதில் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து மாட்டுகிறது.

பழகிவிடுமா? போதைப்பொருள் போல ஏங்க வைப்பதில்லை, டோஸைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வதில்லை. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். ஆயுளுக்கும் என்பது எல்லோருக்கும் இல்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுளீரென்று ஓடுவது போன்ற உணர்வு வரலாம். ஏற்பிகள் மருந்துக்கு ஏற்ப மாறிவிட்டன. மருந்தை எடுத்ததும் அவை உடனே திரும்பிவிடுவதில்லை.

இங்கேயும் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. டோஸைப் பாதியாக்கினால் விளைவு பாதியாவதில்லை. எஸ்சிட்டலோபிராமின் மூத்த சகோதரன் சிட்டலோபிராமில் 40 மி.கி. எடுத்தால் கடத்திகளில் சுமார் 86 சதவீதம் அடைபடும், 20 மி.கி.யில் சுமார் 80. பாதியைக் குறைத்தும் ஆறு சதவீதம்தான் விடுபட்டது. 9 மி.கி. அருகே வந்தாலும் 70. கடைசிச் சில மில்லிகிராமில்தான் மலையிலிருந்து விழுவது மாதிரி விழுகிறது. எனவே மேலே வேகமாக இறங்கினாலும் அடியில் மிக மெதுவாக இறங்க வேண்டும் என்று மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் எழுதினார்கள். இத்தனை எளிய கணக்கு மருத்துவ இதழில் வர ஃப்ளுவாக்ஸெடின் வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. காரணம் புரியாத ரகசியமில்லை: மருந்தைத் தொடங்குவது பற்றிய எட்டு வாரச் சோதனைக்குப் பணம் போடக் கம்பெனி இருக்கிறது, நிறுத்துவது பற்றி ஆராய யாருக்கு லாபம்? காப்புரிமை முடிந்து சில ரூபாய்க்கு விற்கும் மாத்திரைக்கு அரசுப் பணம்தான் ஆய்வு செய்ய வேண்டும். கோடிக்கணக்கில் மாத்திரை தயாரிக்கிற நம் நாடு இதில் முன்னால் நின்றிருக்கலாம்.

இந்த வகையில் ஃப்ளுவாக்ஸெடின் மட்டும் விதிவிலக்கு. அதுவும், உடம்பில் அதிலிருந்து உண்டாகும் நார்ஃப்ளுவாக்ஸெடினும் ரத்தத்தை விட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நிறுத்திய பிறகு தன்னைத்தானே மெதுவாகக் குறைத்துக்கொள்கிறது. பராக்ஸெடின் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகிவிடும். விட்டவுடன் தொந்தரவு தருவதில் அதுதான் பேர் வாங்கியது. எஸ்சிட்டலோபிராம் இரண்டுக்கும் நடுவே, பராக்ஸெடினுக்குப் பக்கத்தில். ஆகவே அந்த மகன் எடுக்க முடிவு செய்தால், எப்படித் தொடங்குவது என்று கேட்கும் அதே நாளில் எப்படி நிறுத்துவது என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரலாம்.