பாதீடு: நெட்டுக்கு எத்தனை பங்கு?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட மாமாவுக்கு ஒரு கடை. ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா), பனங்கட்டி, இடிச்ச மிளகாய்த்தூள். பாதிச் சாமான் கடைக்கு வருகிறவர்களுக்கு, மீதி கனடாவுக்கும் லண்டனுக்கும் பார்சலில் போகிறது. ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும்தான். ஒரு நாள் அவருடைய கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். வாடகை, கரண்ட், சம்பளம், பார்சல் கூலி என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரே வரி: “நெட் 3500”.

“மாமா, வெப்சைட் காசு எங்க?”

“அது நீ உன்ர கார்ட்டில கட்டினதுதானே.”

“விளம்பரக் காசு?”

“அதுவும் நீதானே.”

“அப்ப இது என்ன பட்ஜெட்?” என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லே மண்டைக்குள் நின்றது.

பட்ஜெட் என்பது பழைய பிரெஞ்சில் ‘பூஜெத்’. சின்னத் தோல்பை என்று அர்த்தம். அதற்கும் முன்னால் லத்தீனில் ‘புல்கா’, அதுவும் தோல்பைதான். அதை லத்தீன்காரர் கோல் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பக்கம்) மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆச்சிமார் இடுப்பில் செருகியிருந்த கொட்டைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். பனையோலையில் இழைத்தது, உள்ளே பாக்கு, வெற்றிலை, மடித்த நோட்டு, சில்லறை. ஏறக்குறைய அதே சாமான், ஓலைக்குப் பதில் தோல். இங்கிலாந்தில் 1733-இல் பிரதமர் வால்போல் புது வரி ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார். மருந்துப் பையை அவிழ்த்துக் காட்டும் போலி வைத்தியனைப் போல அவரைக் கிண்டல் பண்ணி ‘பை திறந்தாச்சு’ என்ற பொருளில் ஒரு துண்டுநூல் வந்தது. கிண்டலுக்குச் சொன்ன சொல் பிறகு நிதியமைச்சர்களின் மரியாதையான சொல்லாகிவிட்டது.

தமிழில் அது இன்னும் ஒரு திருப்பம் திரும்பியிருக்கிறது. ‘பட்ஜெட் போன்’, ‘பட்ஜெட் கலியாணம்’ என்றால் இப்போது மலிவானது என்று பொருள். பை போய், கணக்குப் போய், கடைசியில் கஞ்சத்தனம்தான் மிஞ்சியிருக்கிறது.

சரி, இதற்குத் தமிழ் என்ன? தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் பட்ஜெட்டை நிதிநிலை அறிக்கை என்கிறார்கள். இலங்கையில் நாங்கள் வரவு செலவுத் திட்டம் என்போம். பிரதேச சபைச் செய்தி என்றால் ‘பாதீடு நிறைவேறியது’, ‘பாதீடு தோற்கடிக்கப்பட்டது’ என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பலர் இதை அண்மையில் யாரோ செய்த சொல் என்று நினைக்கிறார்கள். இல்லை. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டுக் கூட்டத்தை, கவர்ந்து ஊருக்குக் கொண்டுவந்த பிறகு அதைப் பங்கு போடுவதற்குப் பெயர் பாதீடு. அதற்கு அடுத்தது உண்டாட்டு, அதற்கும் அடுத்தது கொடை. முதலில் பங்கு, பிறகுதான் விருந்து.

பாத்தல் என்றால் பகுத்தல். குறளில் வரும் ‘பாத்தூண்’ பகுத்து உண்ணுதல். பாது என்றால் பங்கு, அதோடு ‘ஈடு’ சேர்ந்தால் பாதீடு. முதலீடு, மதிப்பீடு, ஒதுக்கீடு எல்லாவற்றிலும் வால் மாதிரி ஒட்டியிருப்பது அதே ஈடுதான். புறப்பொருள் வெண்பாமாலை என்ற பழைய இலக்கண நூல் இதை இன்னும் வடிவாக விளக்குகிறது. அவரவர் செய்த வேலையை அறிந்து கொடுப்பதுதான் பாதீடாம். வாளோடு போரிட்டவனுக்கு ஒரு பங்கு, ஒற்றறிந்து வந்து சொன்னவனுக்கு ஒரு பங்கு, நல்ல சகுனம் சொன்னவனுக்கும் ஒரு பங்கு.

கடையின் நெட் செலவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை. வரவு செலவுத் திட்டம் இரண்டு பக்கத்தையும் தராசில் வைக்கும். அது முழுக் கடைக்கும் சரி. ஆனால் ‘நெட் 3500’ என்று ஒற்றை வரி எழுதுகிறவருக்குத் தேவை பங்கு பிரிக்கிற சொல். லைன் காசு ஒன்று, இணையத்தளத்துக்கு இடம் தருகிற ஹோஸ்டிங் ஒன்று, பெயருக்குக் கட்டும் காசு ஒன்று, விளம்பரம் ஒன்று. கார்ட்டில் காசு வந்தால் ஒவ்வொரு விற்பனையிலும் கழிகிற வீதம் இன்னொன்று. இரவு பதினொரு மணிக்குக் கனடாவிலிருந்து வருகிற “அண்ணை, மா இருக்கோ?” என்ற மெசேஜுக்குப் பதில் போடுகிற பிள்ளையின் சம்பளமும் இதற்குள்தான் வரவேண்டும். விளம்பரம் வாள்வீரன் என்றால், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு ஒற்றன். சகுனம் சொல்கிறவர்களுக்கு இந்தத் தொழிலில் குறைவே இல்லை. அவர்களின் பங்கைக் கொஞ்சம் குறைத்தாலும் குற்றமில்லை என்பது என் எண்ணம்.

கணக்காளர்கள் இதை வேறு மாதிரி இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு தரம் வாங்கி வைப்பது மூலதனச் செலவு, திரும்பத் திரும்ப வருவது மீண்டெழும் செலவு. முன்பு கொம்பியூட்டரும் கணக்கு மென்பொருளும் ஒரே தரம் காசு கொடுத்து வாங்குகிற சாமான்கள். இன்று அதே மென்பொருள் மாதச் சந்தா. வாங்குகிற நாளில் கை கடிக்காது, ஆனால் நிறுத்தினால் அன்றோடு கதவும் பூட்டுப்படும். ‘மீண்டெழும்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வெட்ட வெட்ட முளைக்கிற ஏதோ ஒன்றுதான் ஞாபகம் வருகிறது.

அந்தச் சந்தாவில் பாதி டொலரில். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட (விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்ட) பிறகு மே மாதத்துக்குள் 350-ஐத் தாண்டியது. மாதம் 10 டொலர் கட்டினவருக்கு 2000 ரூபா 3500 ஆனது, ஒரு வசதியும் கூடவில்லை. உள்ளூர் பில் பக்கம் போனால் 2024 ஜனவரியில் வற் (VAT) வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. ஆகவே ரூபாவில் கட்டுவதையும் டொலரில் கட்டுவதையும் ஒரே நிரலில் எழுதவே கூடாது. மாமாவுக்கு நான் சொன்ன முதல் திருத்தம் இதுதான்.

இரண்டாவது, வருடக் காசைப் பன்னிரண்டால் பிரிக்கக் கூடாது. நல்லூர்த் திருவிழா 25 நாள். அதை ஒட்டி வெளிநாட்டுச் சனம் வந்து நிற்கும், போன பிறகு அங்கிருந்து ஓடர் போடும். அந்த நேரத்து விளம்பரத்துக்கும் ஐப்பசி மழைக்காலத்து விளம்பரத்துக்கும் ஒரே பங்கு கொடுத்தால், மழையில் விதைத்த காசு மழையோடே போகும்.

பெயருக்குக் கட்டுவது என்றேனே, அது வெப்சைட்டின் முகவரி. கலைச்சொல்லாக ஆள்களப் பெயர் என்கிறார்கள். கொஞ்சம் கனமான சொல்தான், ஆனால் ஆளுகிற களம் என்று பிரித்தால் விளங்கும். இலங்கை முகவரிகளின் கடைசியில் வருகிற .lk என்பதைத் தமிழ் எழுத்திலேயே ‘.இலங்கை’ என்றும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் அது சொந்தமாவதில்லை, தவணைக்கு எடுக்கிற குத்தகைதான். போன வருடம் நான் அதைப் புதுப்பிக்க மறந்துபோனேன். ஞாபகமூட்டும் மின்னஞ்சல் நான் பார்க்காத ஒரு பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை வெப்சைட் இல்லை. கடையின் பெயர் டொட் கொம் என்றபடியால் மீட்பதற்கு 30 நாள் அவகாசம் இருந்தது, ஆனால் அதற்குத் தனிக் கட்டணம். சின்னக் காசுக்கு முடிகிற வேலை பெரிய காசில் முடிந்தது. அதையும் நான்தான் கட்டினேன்.

பெரிய கொம்பனிகள் பாவிக்கிற ஒரு முறை உண்டு: பூச்சிய அடிப்படைப் பாதீடு. போன வருடத் தொகைக்கு மேல் கொஞ்சம் கூட்டிப் போடாமல், ஒவ்வொரு செலவும் ஏன் வேண்டும் என்று பூச்சியத்திலிருந்து கேட்பது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனியில் இருந்த பீட்டர் பைர் 1970-இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அதை அரசாங்கத்துக்குக் கொண்டுபோனார். சின்னக் கடைக்கு வருடம் ஒருக்கால் இப்படிக் கேட்டால் காணும். நாங்கள் கேட்டபோது, யாருமே திறக்காத ஒரு சந்தா இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது வெளியே வந்தது.

போன கிழமை கடைக்குப் போனேன். மாமா புதுக் கொப்பி வாங்கியிருந்தார். முதல் பக்கத்தில் நீல மையால் ‘நெட் பாதீடு’ என்று எழுதி, கீழே அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டு, ரூபா ஒரு பக்கம், டொலர் ஒரு பக்கம். முதல் வரி: “தம்பியின்ர கார்ட்டுக் காசு”. தொகை எழுதவேண்டிய இரண்டு கட்டமும் வெறுமையாகக் கிடந்தன.