ஜூனியர் டென்னிஸ் தரவரிசை: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

ஒரு போட்டி நடந்த மைதானத்தின் வாசலில் ஓர் அப்பாவையும் பெண்ணையும் பார்த்தேன். பகல் முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள். அவள் தோளில் ராக்கெட் பை, அவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பிறப்புச் சான்றிதழ். தகுதிச்சுற்றுக்குக் கையெழுத்துப் போடும் நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. "யாரும் சொல்லலையே சார்" என்றார். சொல்லித்தான் இருந்தார்கள், போட்டி விவரங்கள் அடங்கிய ஃபேக்ட் ஷீட் என்ற பிடிஎஃப்பில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். பெண் ஆடாமலே ஊர் திரும்பினாள்.

அடிப்படை இவ்வளவுதான். அகில இந்திய டென்னிஸ் சங்கம் 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனித்தனிப் பட்டியல் வெளியிடுகிறது. ஒற்றையரில் சிறந்த எட்டு முடிவுகள், இரட்டையரில் சிறந்த எட்டின் புள்ளியில் கால் பங்கு, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் ரேங்க்கைத் தீர்மானிக்கும். உலகப் பட்டியல் ஐடிஎஃப் எனப்படும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்புடையது, 18 வயதுக்குட்பட்டோருக்கு ஒரே பட்டியல். அங்கே எட்டுக்குப் பதில் ஆறு.

இதில் முதல் சறுக்கல், நிறைய ஆடினால் ரேங்க் ஏறும் என்ற நம்பிக்கை. ஐடிஎஃப்பின் அடிமட்டப் போட்டி ஜே30. அதை வென்றால் 30 புள்ளி, இறுதிப்போட்டியில் தோற்றால் 18, அரையிறுதி 9, காலிறுதி 5. முதல் சுற்றில் தோற்றால் பூஜ்யம். டிக்கெட், லாட்ஜ், கோச் செலவு எல்லாம் போட்டு பதினைந்து ஊர் போய் முதல் சுற்றிலேயே திரும்பினால் பட்டியலில் பெயரே வராது. வந்த புள்ளியும் 52 வாரத்தில் உதிர்ந்துவிடும். "நல்லாத்தானே ஆடறான், ரேங்க் ஏன் சரியுது?" என்று கேட்பவர்கள், போன வருஷம் இதே வாரம் பையன் என்ன வாங்கினான் என்று பாருங்கள்.

வயது இன்னொரு பொறி. 13 வயது முடியாமல் ஐடிஎஃப் போட்டி ஆட முடியாது. 13 வயதில் வருஷத்துக்கு 10 போட்டி, 14 வயதில் 14 போட்டிதான். எண்ணிக்கை பிறந்தநாளிலிருந்து பிறந்தநாள் வரை. ஆனால் ஜூனியராக ஆடும் தகுதி முடிவது பிறந்தநாளில் அல்ல, 18 வயது நிறைகிற ஆண்டின் டிசம்பர் 31-இல். ஒரே வருஷம் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே நாளில் வெளியேறுவார்கள். டிசம்பர் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நஷ்டம். முறையிட இடமில்லை.

அப்புறம் தேதிகள். ஐடிஎஃப் ஜூனியர் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நேரம், போட்டிக்கு நான்கு வாரம் முந்தைய செவ்வாய்க்கிழமை. கிரீன்விச் நேரம் 14:00 என்று போட்டிருப்பார்கள். நமக்கு அது இரவு 7.30. பெயரை விலக்கிக்கொள்ளவும் அதே மணி, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு. போன வாரம் ஜெயித்த புள்ளி அடுத்த வாரப் போட்டிக்கு இடம் வாங்கித் தராது என்பதும், பெயர் கொடுப்பது நான்கு வாரம் முன்பே முடிந்துவிடுவதால்தான். பள்ளியில் தேர்வு அட்டவணையோ கடைசி நிமிடத்தில்தான் வரும். தேர்வு இருக்கிறது என்று தாமதமாக விலகினால் யாரும் இரக்கப்பட மாட்டார்கள். இந்தியப் பட்டியலில், சொல்லாமல் வராமல் போனால் சம்பாதித்த புள்ளியிலேயே கழிப்பார்கள். அதற்கென்றே ஒரு தனிக் கட்டம் பட்டியலில் உண்டு. உடம்பு சரியில்லை என்றால் அன்றே மருத்துவச் சான்று வாங்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் "எஸ்", பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், சங்கப் பதிவில் இரண்டும் இல்லாத ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைச் சரிசெய்ய நான்கு மாதம் அலைந்தது. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டும், அது திரும்ப முதல் அலுவலகத்தின் கடிதம் கேட்கும். எனவே முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் பதியுங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது பணமல்ல, நுழைவு. நல்ல ரேங்க் இருந்தால் தகுதிச்சுற்று இல்லாமல் நேரே முதன்மைச் சுற்று. உலக ஜூனியர் பட்டியலில் முதல் 100-க்குள் இருந்தால், 15,000 டாலர் பரிசுள்ள தொழில்முறைப் போட்டிகளில் ஜூனியர்களுக்கென ஒதுக்கிய இடங்களுக்குப் போட்டியிடலாம். அதுவரை செலவு உங்கள் பையிலிருந்துதான். ஸ்பான்சர் வருவார் என்று கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஒன்று மறக்காதீர்கள். ஐபின் எனப்படும் ஐடிஎஃப் கணக்கின் பாஸ்வேர்டை அகாடமியிடம் மட்டும் விட்டுவைக்காதீர்கள். கோச் மாறும்போது பழைய இடத்தில் போன் எடுக்க மாட்டார்கள், செவ்வாய் 7.30 மணி வந்துவிடும்.