தோல் புற்றுநோய்க்கு ஒளி சிகிச்சையா? காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன்

மூக்கோரத்தில் ஆறாத புண், பயாப்சியில் பேசல் செல் வகைப் புற்று என்று வந்திருக்கிறது, கத்தி வைக்காமல் ஒளி சிகிச்சை செய்யலாம் என்கிறார் டாக்டர். களிம்பைப் பூசி சுமார் 3 மணி நேரம் விட்டு, சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். மேலோட்டமான புற்றுக்குத்தான் இது. ஆழமாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

சரி, பணம்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அந்த 5 லட்சத்தைக் கேட்டு மயங்காதீர்கள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் இருப்பதற்குத்தான் பணம். ஆகவே டாக்டர் எழுதிய சிகிச்சை அதில் இருக்கிறதா என்று காப்பீட்டு கவுண்ட்டரிலேயே கேளுங்கள். இந்த வகைக்கு ஒரு வார இடைவெளியில் 2 தடவை ஒளி வைப்பது வழக்கம், அனுமதி இரண்டுக்கும் சேர்த்தா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, "இப்போ கட்டிடுங்க, அப்புறம் திரும்ப வாங்கிக்கலாம்" என்ற பேச்சு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒருவர் நகையை அடகு வைத்துக் கட்டினார், ரசீதை வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறார். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனைதான் அனுமதி வாங்க வேண்டும், அனுமதி வரும்வரை கையெழுத்தும் போடாதீர்கள், காசும் கட்டாதீர்கள்.

அட்டையே இல்லையென்றால் குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாக விஏஓவிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கடலூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். விஏஓ "நாளைக்கு வாங்க" என்பார், அதற்கு நாள் ஒதுக்கிவிட்டுத்தான் சிகிச்சைத் தேதி வாங்குங்கள். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். மகன் கார்டிலிருந்து பிரிந்துபோன அம்மா, பெயர் சேர்க்காத மருமகள், இவர்கள்தான் கவுண்ட்டரில் அழுதுகொண்டு நிற்கிறார்கள்.

புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோவிலைத் தாண்டினால் கதையே வேறு. புதுச்சேரி ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அட்டை வாங்க முடியாது. கடலூர்க்காரர்கள் புதுச்சேரிப் பக்கம் சிகிச்சைக்குப் போவதானால், அந்த மருத்துவமனை நம் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, அதுவும் தோல் புற்றுக்குச் சேர்ந்திருக்கிறதா என்று பஸ் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். கவுண்ட்டரில் மழுப்பினால் அங்கே நின்றபடியே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடுங்கள்.